பழைய காசுக்குப் புளி வேண்டாம்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பித்தளைக் குத்துவிளக்கு என்றால் புளி, வெள்ளிச் சாமான் என்றால் திருநீறு. விளக்குக்கும் சாமானுக்கும் அது சரிதான். அதே கையோடு பரணில் கிடைத்த பழைய காசையும் பளபளவென்று தேய்த்து, தரம் பார்த்துச் சான்று தரும் கிரேடிங்குக்கு அனுப்புகிறார்கள் பாருங்கள், அங்கேதான் நஷ்டம்.

என்ஜிசி, பிசிஜிஎஸ் ஆகிய கிரேடிங் நிறுவனங்கள் காசின் நிலையைப் பார்த்து 70 வரை எண் போடுகின்றன. தேய்த்த காசுக்கு வழக்கமாக எண் கிடைக்காது. 'டீடெய்ல்ஸ்' என்று மட்டும் எழுதி, சுத்தம் செய்யப்பட்டது என்ற குறிப்போடு வந்துவிடும். லென்ஸில் பார்த்தால் மெல்லிய கீறல்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

1862 விக்டோரியா ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சு விழும்போது உலோகம் பரவி நுண்ணிய வரிகள் உண்டாகும். புதுக்காசின் மினுமினுப்பு அதனால்தான். திருநீறோ பற்பசையோ தேய்த்தால் அந்த வரிகள் மழுங்கிவிடும், திரும்ப வராது. வெள்ளியின் கறுப்பை நீக்க விற்கும் திரவமும் உலோகத்தில் ஒரு மெல்லிய அடுக்கைத் தின்றுதான் வேலை செய்கிறது. புழங்கித் தேய்ந்த ரூபாயை அதில் முக்கினால் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துப்போகும். நீலமும் ஊதாவுமாக இயற்கையாக நிறமேறிய ரூபாய்க்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதை ஏன் கழுவ வேண்டும்?

ராஜராஜன் செப்புக்காசில் புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் படக்கூடாது. களிம்பு போய் இளஞ்சிவப்பாகச் செம்பு பல்லிளிக்கும். தேய்ந்த நாகரி எழுத்தும் கூடவே மங்கும். கெட்டியான, வழவழப்பான பச்சைக் களிம்பை விட்டுவிடுங்கள். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். உப்பிலுள்ள குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கிறது என்று அர்த்தம். பூம்புகார், நாகப்பட்டினம் போன்ற கடலோர மண்ணில் இதற்கு வாய்ப்பு அதிகம். அந்தக் காசைத் தனியாக, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் உலர்வாக வைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் ஈயக்காசு கிடைத்தால் அதையும் வினிகர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், ஈயம் கரையும். மேலே உள்ள வெள்ளைப் பொடி நஞ்சு. தொட்டால் கை கழுவுங்கள்.

அப்படியானால் எதுதான் செய்யலாம்? ஒட்டிய மண்ணுக்கு டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போடலாம். போர் தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு இருக்கும். பிவிசி கவரில் வைத்து ஒட்டிய பச்சைப் பிசுக்குக்குச் சுத்தமான அசிட்டோன் நல்லது. அது உலோகத்தைத் தொடாது, பிசுக்கை மட்டும் கரைக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில், ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்கு எட்டத்தில் செய்யுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். இரண்டிலும் ஊறவைப்பது மட்டும்தான். தேய்க்கவோ துடைக்கவோ கூடாது, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுங்கள்.

ஆற்று மணலிலோ வயலிலோ கிடைத்த காசு என்றால் கழுவுவதற்கு முன் சட்டத்தையும் பாருங்கள். மண்ணில் புதைந்து கிடந்த புதையல் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும்.