பழைய காரில் விட்டுவிட்டு வரும் ஸ்டீயரிங் உதறலும் முன்பக்கச் சத்தமும்: காரணத்தைக் கண்டறியும் முறை

காலையில் அலுவலகம் போகும்போது கை நடுங்கும் அளவுக்கு உதறிய ஸ்டீயரிங், மாலையில் மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றுமே நடக்காததுபோல் அமைதியாக இருக்கும். அவர் முதலில் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோண ஒழுங்கு), பேலன்சிங் (சக்கரத்தைச் சுற்றிலும் எடைச் சமன்) பார்க்கச் சொல்வார். அதில் தீராவிட்டால் சக்கரத்தைக் கீழ்ப்பக்கத்தில் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் மாறும், பிறகு ஷாக் அப்சார்பர் மாறும். செலவு ஏறிக்கொண்டே போகும், குறை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இதை மெக்கானிக்கின் திறமைக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. குறை எந்தச் சூழலில் தலைகாட்டுகிறது என்ற தகவல் அவருக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதே பெரும்பாலும் காரணம். அந்தத் தகவலைத் திரட்டித் தர வண்டியை நாள்தோறும் ஓட்டுபவரால் மட்டுமே முடியும்.

இங்கே சொல்பவை மாருதி 800, ஆல்டோ, சான்ட்ரோ, இண்டிகா, ஸ்விஃப்ட் போன்ற, முன்சக்கரங்களால் இயங்கி முன்பக்கத்தில் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்த தாங்கி) கொண்ட கார்களுக்குப் பொருந்தும். அம்பாசிடருக்கும் ஜீப் வகை வண்டிகளுக்கும் முன்பக்க அமைப்பே வேறு என்பதால் இதே வரிசையை அவற்றுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

முதலில் குறித்துக்கொள்ள வேண்டியவை

எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன், சில நாட்களுக்கு ஒரு தாளில் குறிப்பு எழுதுங்கள். உதறல் எந்த வேகத்தில் தொடங்கி எந்த வேகத்தில் மறைகிறது, பிரேக் மிதிக்கும்போதா, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதா, இரண்டும் இல்லாமல் வண்டி தானாக உருளும்போதா, திருப்பத்திலா நேர்ச்சாலையிலா, வண்டி சூடேறிய பிறகா, மழைநீரில் ஓடிய பிறகா என்பவற்றை எழுதினால் போதும். உதறல் ஸ்டீயரிங்கில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா என்பதும் முக்கியம். முன்சக்கரத்துக் குறை பெரும்பாலும் கைக்கும், பின்சக்கரத்துக் குறை பெரும்பாலும் இருக்கைக்கும் வந்து சேரும்.

அதற்கும் முன்னால், இன்றே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. வீல் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். டயரில் எங்காவது புடைப்பு இருக்கிறதா என்று உட்பக்கச் சுவர் உட்பட முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். பஞ்சர் ஒட்டிய பிறகு சரியாக இறுக்கப்படாத நட்டு, உதறலாகவும் சத்தமாகவும் ஒரே நேரத்தில் வெளிப்படும். அப்படியே ஓட்டினால் சக்கரமே கழன்றுவிடும்.

வேகத்தோடு வரும் உதறல்

80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, அதைத் தாண்டினாலோ குறைத்தாலோ அடங்கும் உதறல் பேலன்சிங் குறையின் அடையாளம். 145/80 ஆர்12 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.7 மீட்டர், 90 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்குச் சுமார் 15 முறை சுழல்கிறது. சக்கரத்தின் ஒரு பக்கத்தில் கூடுதலாக இருக்கும் சில கிராம் எடை ஒவ்வொரு சுற்றிலும் இடிக்க, அந்த இடி முன்பக்க அமைப்பின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகும் வேகத்தில் மட்டும் பெரிதாகிறது. மழைக்காலத்தில் மண்சாலையில் போய்வந்த பிறகு மட்டும் இந்த உதறல் வந்தால், ரிம்மின் உட்பக்கத்தில் சேறு அப்பிக் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து அது தெரியாது. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே உதறல் போய்விடும்.

30, 40 கிலோமீட்டர் வேகத்திலேயே ஸ்டீயரிங் இடமும் வலமுமாக ஆடினால் பேலன்சிங் மீது பழி போட வேண்டாம். டயருக்குள் உள்ள கம்பி அடுக்கு பிரிந்திருக்கலாம், அல்லது ரிம் வளைந்திருக்கலாம். முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றி ஓட்டினால், ஆட்டம் ஸ்டீயரிங்கை விட்டு இருக்கைக்கு இடம் மாறுகிறதா என்பதில் விடை தெரிந்துவிடும். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும்; 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. வண்டி பல நாள் அசையாமல் நின்ற பிறகு முதல் சில கிலோமீட்டர் மட்டும் அதிர்ந்து, டயர் சூடானதும் அடங்கினால், தரையில் அழுந்திய பகுதி தட்டையாகி மீள்கிறது என்று பொருள். அதற்குச் செலவு செய்யத் தேவையில்லை.

ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் முன்பக்கம் உதறி, காலை எடுத்ததும் சட்டென்று நின்றால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்ஸிலின் உள்பக்க ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். வெளிப்பக்க ஜாயின்ட்டின் குறை வேறு மாதிரி வெளிப்படும்: ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக நகர்த்தும்போது ‘டக் டக் டக்’ என்று சீரான சத்தம் வரும். ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, ரிம்மின் உட்புறம் முழுக்கக் கிரீஸ் தெறித்திருந்தால் ஏறக்குறைய உறுதி.

பிரேக் மிதிக்கும்போது வரும் உதறல்

விட்டுவிட்டு வரும் குறைகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று சொல்லி டிஸ்க்கை லேத்தில் கடைந்து கொடுப்பார்கள். சில மாதங்கள் நன்றாக இருந்து மீண்டும் தொடங்கும். உண்மையான காரணம் பல நேரங்களில் காலிபர் (பிரேக் பேட்களை டிஸ்க்கின் மீது அழுத்தும் பாகம்) நகரும் பின்னில் இருக்கிறது. பின்னின் கிரீஸ் காய்ந்து அது இறுகும்போது, காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். டிஸ்க் அளவுக்கு மீறிச் சூடாகி, அதன் கனம் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே நகருக்குள் சிறிது தூரம் ஓடும்போது எதுவும் தெரியாது. மலைப்பாதையில் இறங்கி வரும்போதோ நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகோ உதறும். அதிகம் பிரேக் போடாமல் சற்றுத் தூரம் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன்சக்கர ரிம்களின் அருகேயும் தொடாமல் கையைக் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் வீசினால் இறுகியிருக்கும் காலிபர் அந்தப் பக்கத்தில்தான்.

டிஸ்க்கை மாற்றினாலும் கடைந்தாலும், அது அமரும் ஹப் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பாகம்) முகப்பில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் முழுதாகச் சுரண்டச் சொல்லுங்கள். டிஸ்க்கின் கோணலுக்குப் பெரும்பாலான கார்களில் 0.1 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடம் உண்டு. துருவின் ஒரு செதிலே அதைத் தாண்டிவிடும்.

சத்தங்கள்

சத்தத்தைக் கேட்கச் சிறந்த இடம் நீளமான மதில் சுவர் ஓரம். கண்ணாடியை இறக்கிவிட்டுச் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டினால், சுவரில் பட்டுத் திரும்பும் ஓசை எந்தப் பக்கத்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

சிறு குழிகளில் மெதுவாகப் போகும்போது வரும் ‘கடகட’ ஓசைக்கு முதல் சந்தேகம் லிங்க் ராடு, அதாவது திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் குறுக்குக் கம்பியான ஸ்டெபிலைசர் பாரின் முனையை இணைக்கும் சிறு தண்டு. வேகத்தடையில் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாக ஏற்றும்போது அடங்கி, சாய்வாக ஒவ்வொன்றாக ஏற்றும்போது ஒலித்தால் சந்தேகம் வலுக்கும். இரு பக்க லிங்க் ராடுகளையும் கழற்றி, பார் எதிலும் இடிக்காதபடி கட்டிவைத்து, அதே தெருவில் மிக மெதுவாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் ஐயம் தீரும். ஆல்டோ போன்ற சிறிய கார்களில் தனி லிங்க் ராடு கிடையாது. அங்கே பார் லோயர் ஆர்மில் நுழையும் இடத்து ரப்பர் புஷ்ஷைப் பார்க்க வேண்டும். பிரேக் போடும்போதும் ரிவர்ஸில் கிளம்பும்போதும் ஒரே ஒரு ‘டொக்’ கேட்டால் லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் இறுகித் துள்ளும் ஓசை வந்தால் ஸ்ட்ரட்டின் மேல்முனையைத் தாங்கும் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங். பானெட்டைத் திறந்து மவுண்ட்டின் அருகே ஸ்பிரிங்கில் விரலை வைத்தால் அந்தத் துள்ளல் விரலில் தெரியும். வேகத்தோடு ஏறும் ‘ஊங்’ என்ற முனகல், வண்டியை இடப்பக்கம் வளைக்கும்போது கூடினால் வலச் சக்கர பேரிங்கையும், வலப்பக்கம் வளைக்கும்போது கூடினால் இடச் சக்கர பேரிங்கையும் சந்தேகியுங்கள், ஏனெனில் எடை எதிர்ப்பக்கத்துக்குச் சாய்கிறது.

தூக்கிப் பார்க்கும்போது

சமதரையில், ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையைக்கூட நீட்டக் கூடாது. சக்கரத்தை இட வலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தளர்வான ஆட்டம் இருந்தால், ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டின் மூட்டுகளான டை ராடு எண்ட் அல்லது ரேக் எண்ட். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போதும் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள்: ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் லோயர் ஆர்மைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் பால் ஜாயின்ட். பால் ஜாயின்ட்டிலோ டை ராடிலோ தெளிவான ஆட்டம் தெரிந்தால், பட்டறை வரைகூட அந்த வண்டியை ஓட்டாதீர்கள், ஏற்றிச் செல்லுங்கள்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, முன்பு குறித்துவைத்த அதே சாலை, அதே வேகம், அதே சூட்டில் ஓட்டிப் பாருங்கள். லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கம். டை ராடைத் தொட்டிருந்தால் அலைன்மெண்ட் கட்டாயம். சக்கரத்தைக் கழற்றிப் பூட்டியிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை, உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு, டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.