தீப் பாதுகாப்பு அலுவலராகப் பொறுப்பேற்றால் என்ன செய்ய வேண்டும்?

ஒரு கட்டடத்துக்குத் தீப் பாதுகாப்பு அலுவலராக நியமிக்கப்படுபவரை, உடன் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் தீயை அணைக்கப் போகிறவராகவே பார்க்கிறார்கள். உண்மையில் அவருடைய வேலை நேரத்தின் மிகப் பெரும் பகுதி, எங்கும் எதுவும் எரியாத கட்டடத்துக்குள் நடந்து திரிவதிலேயே கழிகிறது. தீ பிடித்த பின் அவர் செய்யக்கூடியவை சில நிமிடங்களுக்கு உட்பட்டவை. அந்தச் சில நிமிடங்கள் எப்படி அமையும் என்பதை, அதற்கு முந்தைய மாதங்களில் அவர் எந்தக் கதவைத் தள்ளிப் பார்த்தார், எந்த வேலையை நிறுத்தச் சொன்னார் என்பதுதான் தீர்மானிக்கிறது.

ஆகவே பொறுப்பேற்றவுடன் முதலில் கேட்டுப் பெற வேண்டியது ஓர் எழுத்துபூர்வமான அதிகாரம். ஆபத்தான வேலையை அந்த இடத்திலேயே நிறுத்தவும், அவசர வழியை அடைத்து வைக்கப்பட்ட பொருளை யாரிடமும் அனுமதி கேட்காமல் அகற்றச் சொல்லவும் அலுவலருக்கு உரிமை உண்டு என்று நிர்வாகம் கையொப்பமிட்டுத் தர வேண்டும். இது இல்லாத அலுவலர், குறைகளைக் குறித்து வைக்கும் எழுத்தராக மட்டுமே இருப்பார். அவர் விடுப்பில் இருக்கும் நாளிலும் இரவுப் பணி நேரத்திலும் அதே அதிகாரத்துடன் யார் இருப்பார் என்பதையும் அந்த ஆணையிலேயே குறிப்பிடச் செய்வது நல்லது.

அடுத்து, கட்டடத்தின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தளத்தையும் நடந்து பார்க்க வேண்டும். வரைபடமும் கட்டடமும் ஒத்துப்போகும் என்று நம்ப வேண்டாம். இடையில் எழுப்பப்பட்ட தடுப்புச் சுவர்களும், சேமிப்பறையாக மாறிப்போன நடைபாதைகளும் எந்த வரைபடத்திலும் இருப்பதில்லை. ஒவ்வொரு மேசையிலிருந்தும் வெளியேற இரண்டு வெவ்வேறு வழிகள் உள்ளனவா, அவை உண்மையிலேயே தெருவரை கொண்டுபோய் விடுகின்றனவா என்று கடைசிக் கதவு வரை நடந்தே சோதிக்க வேண்டும். படிக்கட்டு நன்றாக இருந்து, அதன் அடியில் உள்ள கதவு மட்டும் பூட்டியிருப்பது அடிக்கடி காணக்கூடிய குறை.

பூட்டிய கதவைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் ஏற்பட்ட தீயில் 146 பேர் இறந்தனர். ஒன்பதாம் தளத்திலிருந்து கீழே செல்லும் படிக்கட்டுக் கதவுகளில் ஒன்று பூட்டப்பட்டிருந்தது. 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டனின் கோகோனட் குரோவ் கேளிக்கை விடுதியில் 492 பேர் இறந்தனர். முன்வாசலில் இருந்த சுழல்கதவு நெரிசலில் சிக்கி நின்றுவிட, மற்ற வாசல்களில் சில பூட்டியிருந்தன, சில உட்பக்கமாகத் திறப்பவையாக இருந்தன. கூட்டம் பின்னிருந்து நெருக்கும்போது உட்பக்கமாகத் திறக்கும் கதவும் சுவரும் ஒன்றே. திருட்டைத் தடுக்க வேண்டும், ஆட்கள் நேரத்துக்கு முன் வெளியே போகாமல் பார்க்க வேண்டும் என்று பூட்டுவதற்கான காரணங்கள் எப்போதும் நியாயமாகவே ஒலிக்கும். அவற்றுக்கு வேறு வழி தேடித் தரலாம். ஆனால் சாவி இல்லாமல் உள்ளிருந்து ஒரே அழுத்தத்தில் கதவு திறக்க வேண்டும் என்பதில் அலுவலர் விட்டுக்கொடுக்கலாகாது.

தீத்தடுப்புக் கதவுகளின் நிலை இதற்கு நேர்மாறானது. அவை தாமாகவே மூடிக்கொள்ள வேண்டியவை; ஆனால் காற்றுக்காகவோ நடமாட்ட வசதிக்காகவோ அவற்றுக்கு மரக்கட்டை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருப்பார்கள். தீ விபத்துகளில் சுடரைவிடப் புகையே அதிகமானவர்களின் உயிரைப் பறிக்கிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. முட்டுக்கொடுத்த ஒரு கதவு அந்தப் புகையைப் படிக்கட்டுக்குள் விட்டுவிடும். எப்போதும் திறந்திருந்தே ஆக வேண்டிய கதவு என்றால், அபாய ஒலி எழும்போது தானே விடுபட்டு மூடிக்கொள்ளும் காந்தப் பிடிப்பானைப் பொருத்தச் சொல்ல வேண்டும்.

தீ எங்கே தொடங்கக்கூடும் என்ற கணிப்புக்குப் பெரிய சூத்திரம் எதுவும் தேவையில்லை. எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேரும் இடமே தீ பிடிக்கும் இடம். ஆக்சிஜன் எங்கும் இருப்பதால், மற்ற இரண்டையும் ஒன்றிடமிருந்து ஒன்று விலக்கி வைப்பதே அன்றாட வேலை. ஒன்றில் மற்றொன்று செருகப்பட்ட எக்ஸ்டென்ஷன் போர்டுகள், மின்பலகை அறையில் அடுக்கிய அட்டைப்பெட்டிகள், எண்ணெய் படிந்த புகைபோக்கிகள், இரவு முழுதும் சார்ஜில் கிடக்கும் லித்தியம் பேட்டரிகள் ஆகியவற்றை வாரந்தோறும் பார்க்க வேண்டும்.

வெல்டிங், கட்டிங், கிரைண்டிங் போன்ற தீப்பொறி பறக்கும் வேலைகளுக்குத் தனி அனுமதிச் சீட்டு முறை இல்லாமல் எந்தக் கட்டடமும் இயங்கக் கூடாது. வெளியிலிருந்து வரும் ஒப்பந்தப் பணியாளருக்கு அந்தக் கட்டடத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது என்பதே இங்குள்ள முதல் ஆபத்து. வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிச் சுமார் 11 மீட்டருக்குள் எரியக்கூடியவற்றை அகற்ற வேண்டும். அகற்ற முடியாதவற்றைத் தீத்தடுப்புப் போர்வையால் மூட வேண்டும். தீயணைப்பானுடன் ஒருவர் அருகில் நிற்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் அவர் குறைந்தது ஒரு மணி நேரம் அங்கேயே கண்காணிக்க வேண்டும், ஏனெனில் இடுக்கில் விழுந்த பொறி எல்லோரும் போன பிறகு நிதானமாகக் கனன்று எரியத் தொடங்கும். இந்த ஒரு மணி நேரத்தைத்தான் எல்லோரும் குறைக்கப் பார்ப்பார்கள்.

தீயணைப்பான்களைப் பொறுத்தவரை, மாதம் ஒருமுறை பிரஷர் கேஜின் முள் பச்சைப் பகுதியில் உள்ளதா, பாதுகாப்பு முள்ளும் முத்திரையும் கலையாமல் உள்ளனவா, குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அடிப்படை. கார்பன் டை ஆக்சைடு வகையில் பொதுவாக கேஜ் இருக்காது. அதன் எடையை வைத்தே இருப்பை அறிய முடியும். எரியும் எண்ணெயின் மீது தண்ணீரை ஊற்றக் கூடாது. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, கொதிக்கும் எண்ணெயைச் சுற்றிலும் தெறிக்கச் செய்யும். தீயணைப்பானை வாசலுக்கு அருகே மாட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு: அதை எடுப்பவர் முதுகுப்புறம் வெளியேறும் வழியை வைத்துக்கொண்டு தீயை எதிர்கொள்ள வேண்டும்.

தானியங்கி அமைப்புகளில் கவனிக்க வேண்டியது, அவை பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்பதைவிட, இயங்கும் நிலையில் இருக்கின்றனவா என்பதே. தீயின் வெப்பத்தில் தானே திறந்து கூரையிலிருந்து நீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளரின் வால்வைப் பழுது பார்த்தவர்கள் மூடிவிட்டு, திறக்காமலே போயிருக்கலாம். வண்ணம் பூசும்போது புகை உணர்விகளில் மாட்டிய தூசி உறை அப்படியே இருக்கலாம். திரைப்படங்களில் காட்டுவதுபோல எல்லா ஸ்பிரிங்ளர்களும் ஒரே நேரத்தில் நீரைப் பொழிவதில்லை. சிவப்புக் கண்ணாடிக் குமிழ் உள்ள முனை சுமார் 68 டிகிரி செல்சியஸில் உடைந்து, அது மட்டுமே திறக்கும். நீர் விரிந்து பரவ இடம் வேண்டும் என்பதால், முனைக்குக் கீழே சுமார் 45 சென்டிமீட்டருக்குள் பொருட்களை அடுக்க விடக் கூடாது.

ஒத்திகையை அறிவித்துவிட்டு நடத்தினால் எல்லோரும் கைப்பையுடன் தயாராக நிற்பார்கள். முதல் முறை அறிவிக்கலாம். அதன் பின், ஒரு படிக்கட்டின் முன் 'இங்கே புகை' என்று எழுதிய பலகையை வைத்து அடைத்துவிட்டு, மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் தாங்கள் அன்றாடம் வந்த வழியையே நோக்கிப் போவார்கள். பக்கத்தில் உள்ள வாசல் அவர்கள் கண்ணில் படாது. சக்கர நாற்காலியில் இருப்பவர், காது கேளாதவர், கர்ப்பிணி ஆகியோருக்கு யார் துணை, எந்த வழி என்பதை அவர்களுடனேயே பேசி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். கூடும் இடத்தில் எண்ணும்போது வருகையாளர் பதிவேடும் கையில் இருக்க வேண்டும்.

உண்மையிலேயே தீ பிடித்தால் வரிசை மாறக் கூடாது: முதலில் அபாய ஒலி, அடுத்துத் தீயணைப்புத் துறைக்கு அழைப்பு, அதன் பிறகே அணைக்கும் முயற்சி. அதுவும் தீ ஒரு குப்பைத்தொட்டி அளவே இருந்து, வெளியேறும் வழி முதுகுக்குப் பின்னால் இருந்தால் மட்டும். கையில் தூக்கக்கூடிய தீயணைப்பான் பெரும்பாலும் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. ஒன்று தீர்ந்தும் தீ அடங்கவில்லை என்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியேற வேண்டும். வாயிலில் வந்து நிற்கும் தீயணைப்பு வீரர்களிடம் உள்ளே யாராவது இருக்கிறார்களா, தீ எந்தத் தளத்தில், எரிவாயுவும் ரசாயனமும் எங்கே, முதன்மை மின் இணைப்பைத் துண்டிக்கும் இடம் எது, நீர் எங்கே கிடைக்கும் என்பவற்றைச் சொல்லி, வரைபடத்தையும் சாவிகளையும் ஒப்படைக்க வேண்டும். அதிலிருந்து கட்டடம் அவர்கள் பொறுப்பு. அவர்கள் சொல்லும் வரை அலுவலர் உட்பட யாரும் உள்ளே திரும்பக் கூடாது. பின்னர் மக்களை மீண்டும் உள்ளே அனுமதிக்கும் முன், பயன்படுத்திய தீயணைப்பான்களுக்கும் உடைந்த ஸ்பிரிங்ளர் முனைகளுக்கும் மாற்று வைத்து, அபாய ஒலி அமைப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அன்றே பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.