கரண்ட் வேலைக்கு வீடியோ தேடுகிறீர்களா? முதலில் நாட்டைப் பாருங்கள்

போன ஐப்பசி மழையில் இலங்கையின் ஹட்டனில் உள்ள எங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தது. போனில் தேடியபோது முதலில் வந்த வீடியோ, ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு வயரை நேரே கொடுக்கச் சொன்னது. தம்பி ஸ்குரூ டிரைவரோடு கதிரையில் ஏறிவிட்டான். அம்மாதான் கையைப் பிடித்து இறக்கினார். கடைசியில் பார்த்தால், வாசல் லைட்டுக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. வீட்டு ட்ரிப் சுவிட்ச் பெரும்பாலும் 30 மில்லிஆம்பியர் வகை. அந்த அளவு கரண்ட் வெளியே கசிந்தாலே அதை வெட்டி உயிரைக் காப்பாற்றும். அதைக் கழற்றச் சொல்பவர் வேறு எதைச் சொன்னாலும் கேட்காதீர்கள்.

படி 1: எந்த நாட்டு வீடியோ?

இலங்கையில் நமக்கு 230 வோல்ட். அமெரிக்க வீடுகளில் சாதாரண பிளக்குக்கு வருவது 120. அங்கே கறுப்பு வயரில்தான் கரண்ட், வெள்ளை நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்). நம் பழைய வயரிங்கில் சிவப்பு லைவ் (கரண்ட் வரும் வயர்), கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதியதில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். தமிழ்நாட்டு வீடியோ என்றால் நம் பாஷை, அதே 230 வோல்ட், அதனால் உடனே நம்பிவிடுவோம். ஆனால் அங்கே மூன்று பேஸ் வயரிங்கில், அதாவது மூன்று லைவ் வயர் வரும் இணைப்பில், நீல வயரிலும் கரண்ட் வரும்! தோட்டத்து லயத்து வீடுகளில் இன்னொரு சிக்கல்: கையில் கிடைத்த வயரை யாராவது ஒட்டுப்போட்டிருப்பார்கள். அங்கே நிறத்தை நம்பவே வேண்டாம்.

படி 2: அவர் கையைப் பாருங்கள்

மெயின் சுவிட்சை நிறுத்துகிறாரா? அதற்கு முன்பே டெஸ்டர் வேலை செய்கிறதா என்று கரண்ட் உள்ள இடத்தில் பார்த்துவிட்டு, நிறுத்திய பின் வயரில் வைக்கிறாரா? இல்லையென்றால் வீடியோவை மூடிவிடுங்கள்.

படி 3: இன்னொரு இடத்தில் சரிபாருங்கள்

பொருளோடு வந்த கையேடு, மின்சாரத்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தகவல்கள் ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். "இப்படிச் செய்" என்பதோடு நிற்காமல் ஏன் என்றும் சொல்பவரை நான் கூடுதலாக நம்புவேன்.

படி 4: எதுவரை நாமே செய்யலாம்?

ட்ரிப் விழுந்தால் எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு சுவிட்சை மேலே தூக்குங்கள். நின்றால், காய்ந்த கையோடு ஒவ்வொன்றாகக் குத்துங்கள். எதைக் குத்தும்போது விழுகிறதோ, பழுது பெரும்பாலும் அதில்தான். ஒன்றும் குத்தாமலே விழுந்தால் பிழை பெரும்பாலும் வயரிங்கில், அல்லது எங்கள் வீட்டைப் போல ஒரு லைட்டில். அதற்கு மேல் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் உள்ள வயரிங் பாஸைக் கூப்பிடுங்கள். பார்த்த வீடியோவை அவரிடமும் காட்டிக் கேளுங்கள், தப்பில்லை. மீட்டருக்கு வெளியே உள்ள வயர் என்றால் அவரும் தொடக்கூடாது, மின்சார சபைக்கு 1987 எண்ணில் சொல்லுங்கள்.