கேட்பெல்ஸ் மலைநடையும் டெர்வென்ட்வாட்டர் ஏரிப் படகும்: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

இங்கிலாந்தின் வடமேற்கில் கம்பிரியா பகுதியில் அமைந்துள்ள லேக் டிஸ்ட்ரிக்ட், 1951 இல் தேசியப் பூங்காவாகவும் 2017 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே முதன்முறையாக மலை நடக்க விரும்புவோர் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் நான் கேட்பெல்ஸ் என்ற பெயரைத்தான் சொல்கிறேன். அதன் உச்சி 451 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரம் வரை ஏரிப் படகிலேயே போய்விடலாம். உச்சியிலிருந்து ஏரி, பள்ளத்தாக்கு, சுற்றியுள்ள பெரிய மலைகள் அனைத்தும் தெரியும். உயரம் குறைவு என்பதற்காக அதைப் பூங்கா உலாவாக நினைத்துச் செல்லக் கூடாது. கைகளை ஊன்றி ஏறவேண்டிய பாறைப் பகுதிகளும், மூடுபனி இறங்கினால் திசை தவறக்கூடிய முகடும் அதில் உண்டு. வானம் தெளிந்த நாளில் இவை இரண்டையும் பழகிக்கொள்ள ஏற்ற இடம் என்பதால்தான் நான் இதைப் பரிந்துரைக்கிறேன்.

படி 1: கடைசிப் படகிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுதல்

லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து பென்ரித் வரை ரயிலிலும், அங்கிருந்து எக்ஸ்4 அல்லது எக்ஸ்5 பேருந்தில் கெஸிக் நகருக்கும் செல்லலாம். ஒரே நாளில் போய்த் திரும்புவதற்குப் பதிலாக முந்தைய இரவே கெஸிக்கில் தங்கிவிடுவது நல்லது. கார் வைத்திருப்பவர்களும் அதை நகரிலேயே நிறுத்திவிட்டுப் படகில் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். மலையடிவாரத்தில் வண்டி நிறுத்த இடம் மிகக் குறைவு. குறுகிய சாலையோரத்தில் நிறுத்தப்படும் கார்களால் பேருந்தும் அவசர ஊர்தியும் தடைபடுகின்றன.

நகரின் தென்புறத்தில், ஏரிக்கரை நாடக அரங்கைத் தாண்டினால் படகுத்துறை வரும். படகுகள் ஏரியை இரு திசைகளிலும் சுற்றுகின்றன. நாம் இறங்க வேண்டிய துறையான ஹாஸ் எண்ட் மேற்குக் கரையில் உள்ளது. கெஸிக்கிலிருந்து இடஞ்சுழியாகச் செல்லும் படகு நிக்கல் எண்ட் துறையைத் தொட்டுவிட்டு அடுத்ததாக அங்கே சென்றுவிடும். வலஞ்சுழியாகச் செல்லும் படகோ ஆஷ்னஸ் கேட், லொடோர், இரண்டு பிராண்டல்ஹோ துறைகள் எனக் கிட்டத்தட்ட முழு ஏரியையும் சுற்றிய பிறகே அங்கு சேரும். அந்தச் சுற்று கண்ணுக்கு விருந்துதான் என்றாலும், காலை நேரத்தை மலைக்காகச் சேமிப்பதே உசிதம்.

படகு அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியது, மாலையில் திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதுதான். குளிர்காலத்தில் படகுகளின் எண்ணிக்கை குறைந்துவிடும். டிசம்பர் மாதத்தில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூன் மாதத்திலோ இரவு ஒன்பதரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும். எனவே ஒரே வழித்தடம் ஜூனில் நிதானமான நடையாகவும், டிசம்பரில் நேரத்தோடு நடத்தும் போட்டியாகவும் மாறிவிடுகிறது.

நடை நேரத்தைக் கணிக்க, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892 இல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நம்முடைய வழித்தடம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளம். ஏற்றம் ஏறத்தாழ 375 மீட்டர். விதிப்படி இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அது நிற்காமல் நடக்கும் பழகிய கால்களுக்கான கணக்கு. பாறையில் தயங்குவதற்கும், படம் எடுப்பதற்கும், உண்பதற்கும் சேர்த்து அதை இரண்டு மடங்காக்கிக்கொண்டு, அதற்கு மேலும் ஒரு மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசிப் படகிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

படி 2: மலைக்கான வானிலையைப் பார்த்தல்

கைபேசியில் கெஸிக் நகரத்துக்குக் காட்டும் வானிலை, மலைமுகட்டுக்குப் பொருந்தாது. பிரிட்டனின் வானிலை அலுவலகம் மலைப்பகுதிகளுக்கெனத் தனி முன்னறிவிப்பை வெளியிடுகிறது; லேக் டிஸ்ட்ரிக்ட் வெதர்லைன் சேவையும் உண்டு. அவற்றில் மேகத்தின் அடிமட்டம் எத்தனை மீட்டரில் இருக்கும், மேலே காற்று எவ்வளவு வேகத்தில் வீசும் என்ற இரண்டையும் பாருங்கள். மேகம் 400 மீட்டருக்குக் கீழே இறங்கும் என்றிருந்தால் உச்சியில் எதுவுமே தெரியாது. காற்று மணிக்கு 30 மைலைத் தாண்டும் என்றிருந்தால், புதியவர்கள் முகட்டை விட்டுவிட்டு ஏரியைச் சுற்றிவரும் பாதையில் நடப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சுற்றுப்பாதை ஏறத்தாழ 10 மைல் நீளமுடையது. கால் சலித்தால் இடையில் ஏதேனும் ஒரு துறையில் படகேறிவிடலாம்.

மழையைப் பொறுத்தவரை இந்த ஏரிக்குத் தெற்கே உள்ள பாரோடேல் பள்ளத்தாக்கின் சீத்வெய்ட் என்ற சிற்றூர், இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களிலேயே மிக அதிக மழை பெறும் இடமாக அறியப்படுகிறது. அங்கே ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. முன்னறிவிப்பு என்ன சொன்னாலும் மழைக்கோட்டும், அதோடு மழைக்காற்சட்டையும் பையில் இருக்க வேண்டும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்: பருத்தி நனைந்தால் எளிதில் உலராது, நனைந்த துணியில் காற்றடித்தால் உடற்சூடு விரைவாக வெளியேறிவிடும். காலணியில் கணுக்கால் உயரத்தைவிட அடிப்பகுதியின் பிடிமானத்தையே முக்கியமாகக் கருதுகிறேன். இவற்றோடு தலையில் அணியும் டார்ச், விசில், கையுறை, தண்ணீர், இரண்டு வேளைக்குப் போதுமான உணவு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: வரைபடத்தைப் படித்தல்

ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல்4 என்ற எண்ணுள்ள தாள் இந்தப் பகுதிக்குரியது. அளவை 1:25,000, அதாவது தாளில் 4 சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். நீர்புகாத மேற்பூச்சுள்ள பதிப்பைச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்கிவிடுங்கள். கைபேசிச் செயலியும் வேண்டும்தான். வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கிவிடும், ஈர விரலுக்குத் திரை பணியாது. காகிதத்தை முதன்மையாகவும் கைபேசியைத் துணையாகவும் கொள்வதே என் வழக்கம். நகரச் சாலைகளுக்கான வழிகாட்டிச் செயலிகளை மலைப்பாதைக்கு நம்ப வேண்டாம்.

இந்த வரைபடத்தில் புதியவர்கள் பலரும் குழம்புவது விட்டுவிட்டு வரையப்பட்ட கோடுகளில்தான். பச்சை நிறக் கோடு, அவ்வழியே நடக்கப் பொதுமக்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்பதைக் குறிக்கிறது; அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியும் தடம் இருக்கும் என்று அது உறுதி சொல்வதில்லை. தரையில் உண்மையாகவே தேய்ந்து கிடக்கும் தடத்தைக் காட்டுவது கறுப்புக் கோடு. பச்சைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் புதரும் சதுப்பும் எதிர்ப்படலாம். வெளிர்மஞ்சள் சாயமிட்ட பரப்பு, 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதையை விட்டு விலகியும் நடக்க அனுமதியுள்ள திறந்தவெளி நிலமாகும்.

பழுப்புக் கோடுகள் சமவுயரக் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் 10 மீட்டர் உயர வேறுபாடு. கேட்பெல்ஸின் முகடு வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. அதன் இரு பக்கங்களிலும், அதாவது கிழக்கே ஏரியை நோக்கியும் மேற்கே நியூலண்ட்ஸ் பள்ளத்தாக்கை நோக்கியும், இந்தக் கோடுகள் நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். முகட்டை விட்டுப் பக்கவாட்டில் இறங்கக் கூடாது என்பதை அந்த நெருக்கமே சொல்லிவிடுகிறது. மேற்குச் சரிவில் பழைய ஈயச் சுரங்கங்களின் எச்சங்களும் உள்ளன.

படி 4: திசைகாட்டியைப் பயன்படுத்துதல்

இந்தப் படியை அவசரமின்றிப் படிக்க வேண்டுகிறேன். ஒளிபுகும் அடித்தட்டும் சுழலும் வட்டும் கொண்ட திசைகாட்டியை வாங்குங்கள். சாவிக்கொத்தில் தொங்கும் சிறிய வகை இதற்கு உதவாது.

நீங்கள் உச்சியில் நிற்கிறீர்கள், மூடுபனி சூழ்ந்துவிட்டது, தெற்கே உள்ள ஹாஸ் கேட் என்ற கணவாய்க்கு இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தின் மேல் திசைகாட்டியை வைத்து, அடித்தட்டின் நீண்ட விளிம்பு உச்சியையும் ஹாஸ் கேட்டையும் ஒருசேரத் தொடும்படி பொருத்துங்கள். தட்டில் பொறித்துள்ள பயண அம்பு, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து போக வேண்டிய இடத்தை நோக்கியிருக்க வேண்டும். அடுத்து, ஊசி எங்கே காட்டுகிறது என்பதைச் சற்றும் பொருட்படுத்தாமல் வட்டை மட்டும் சுழற்றி, அதன் அடியிலுள்ள இணைகோடுகளை வரைபடத்தின் செங்குத்தான நீலக் கோடுகளோடு ஒத்திசையச் செய்யுங்கள். வட்டிலுள்ள வடக்கு அம்பு வரைபடத்தின் மேல் விளிம்பை நோக்கியிருக்கட்டும். இப்போது திசைகாட்டியைக் கையில் எடுத்து மார்புக்கு நேராகக் கிடைமட்டமாகப் பிடித்து, வட்டைத் தொடாமல் உங்கள் உடலை மட்டும் மெல்லத் திருப்புங்கள். ஊசியின் சிவப்பு முனை வட்டின் வடக்கு அம்புக்குள் சென்று அமர்ந்ததும், பயண அம்பு காட்டுவதே நீங்கள் நடக்க வேண்டிய திசை.

தவறு நேரக்கூடிய இடங்கள் இரண்டு: பயண அம்பைத் தலைகீழாக வைப்பது, வட்டின் வடக்கு அம்பை வரைபடத்தின் கீழ்ப்பக்கம் பார்க்க விடுவது. இவற்றில் எது நேர்ந்தாலும் விடை சரியாக 180 பாகை பிசகிவிடும். நீங்கள் நம்பிக்கையோடு நேர் எதிர்த்திசையில் நடப்பீர்கள். கேட்பெல்ஸில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஹாஸ் கேட் உச்சிக்கு ஏறத்தாழ நேர் தெற்கே இருப்பதால், வட்டில் 180க்கு அருகிலான எண் வர வேண்டும். 360க்கு அருகில் வந்தால் அம்புகளில் ஒன்று தலைகீழாக உள்ளது என்று பொருள். அப்படியே நடந்தால் ஏறிவந்த பாறைப் பகுதிக்கே திரும்புவீர்கள். எந்த மலையிலும், திசைகாட்டியைத் தொடும் முன் 'நான் போக வேண்டியது ஏறத்தாழ எந்தத் திசை' என்று வரைபடத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பிறகு வரும் எண் அதற்கு முரணாக இருந்தால் உடனே பிடிபட்டுவிடும்.

காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிடச் சொல்லும் பழைய கையேடுகளைப் பார்த்துச் சிலர் கவலைப்படுகிறார்கள். தற்போது இந்தப் பகுதியில் அவ்வேறுபாடு மிகச் சிறியது. இவ்வளவு குறுகிய தொலைவுக்கு அதை விட்டுவிடலாம்.

பின்னர் சேர்த்தது: எல்லாம் சரியாகச் செய்தும் ஊசி தவறாகக் காட்டுகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். திசைகாட்டியையும் கைபேசியையும் ஒரே பையில் வைத்திருந்ததே காரணம். கைபேசி உறையிலும் ஒலிபெருக்கியிலும் உள்ள காந்தம், ஊசியின் முனைகளையே நிரந்தரமாக மாற்றிவிடக்கூடியது. இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்வதோடு, திசை தெரிந்த ஓரிடத்தில் சரிபார்த்த பிறகே புறப்படுங்கள்.

படி 5: ஏற்றம்

ஹாஸ் எண்ட் துறையில் இறங்கி மரங்களினூடே சாலைக்கு ஏறினால், கேட்பெல்ஸ் பாதை தொடங்கும் இடம் தெரியும். தொடக்கமே செங்குத்தானது, மூச்சு வாங்கினால் நின்று திரும்பி ஏரியைப் பாருங்கள். இடையில் வரும் ஸ்கெல்கில் பேங்க் என்ற மேட்டையே உச்சி என்று நினைத்துவிட வேண்டாம். அதன் பிறகு பாதை சற்றே தாழ்ந்து, மீண்டும் எழுந்து, பாறை நிறைந்த இறுதி ஏற்றத்தை அடைகிறது.

பாறைப் பகுதிகளில் எண்ணற்ற காலடிகள் பட்டுக் கல் கண்ணாடிபோல் மெருகேறியிருக்கிறது. மழை பெய்த பின்பு இந்த மெருகுதான் ஆபத்து. கைகள் இரண்டும் காலியாக இருக்கும்படி நடைக்கோல்களைப் பையில் கட்டிவிட்டு, ஒரு கையையோ காலையோ நகர்த்தும்போது மற்ற மூன்றும் பிடிமானத்தில் இருக்குமாறு ஏறுங்கள். பளபளக்கும் பரப்பைத் தவிர்த்து, சொரசொரப்பாகத் தெரியும் விளிம்பில் காலை வையுங்கள். சிறு குழந்தைகளோடு செல்வோர், பெரியவர் ஒருவர் குழந்தைக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறிய பாறையில் இறங்குவது ஏறுவதைவிடக் கடினம் என்பதால், வந்த வழியே திரும்பாமல் தெற்கு நோக்கி இறங்கும் வழியை இங்கே தேர்ந்திருக்கிறேன்.

உச்சியில் வடக்கே 931 மீட்டர் உயரமுள்ள ஸ்கிடாவும், அதற்குக் கிழக்கே பிளென்கேத்ராவும், கீழே தீவுகள் மிதக்கும் டெர்வென்ட்வாட்டரும் தெரியும். தெளிந்த நாளாக இருந்தாலும் படி 4ஐ இங்கே செய்து பாருங்கள். விடை சரியா என்பதைக் கண்ணாலேயே உறுதிசெய்ய முடியும் நாளில்தான் கை பழகும்.

படி 6: இறக்கமும் ஏரிக்கரையும்

தெற்கே ஹாஸ் கேட்டுக்கு இறங்கியதும் நேரே போகக் கூடாது. நேர்ப்பாதை மெய்டன் மூர் என்ற அடுத்த மலைக்கு ஏறிவிடும். இடப்புறம் திரும்பினால், கற்களைப் பதித்துச் செப்பனிட்ட பாதை ஏரியை நோக்கி இறங்குகிறது. மானஸ்டி என்ற இடத்துக்கு மேலே வந்ததும் சாலையைக் கடந்து ஏரிக்கரை மரங்களுக்குள் நுழைந்துவிடுங்கள். இதுதான் பிராண்டல்ஹோ. இயற்கையையும் பாரம்பரியத்தையும் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட், பொதுமக்களிடம் நிதி திரட்டி 1902 இல் வாங்கிய இந்த வனப்பகுதியே லேக் டிஸ்ட்ரிக்டில் அந்த அமைப்பின் முதல் நிலம். இன்று யாரும் தடுக்காமல் நாம் இந்தக் கரையில் நடப்பதற்கு, அன்று சிறு தொகைகளாகக் கொடுத்த மனிதர்களே காரணம் என்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஆடுகள் மேயும் நிலத்தில் வாயிற்கதவுகளை இருந்தபடியே விட்டுச் செல்வதும், கற்சுவர்கள் மீது ஏறாமலிருப்பதும் நம் பங்கு.

ஹை பிராண்டல்ஹோ துறையில் எந்தத் திசைப் படகு வந்தாலும் ஏறலாம். இரண்டும் கெஸிக்கில்தான் முடியும். பெருமழைக்குப் பின் ஏரி நிரம்பினால் துறைகள் நீரில் மூழ்குவதுண்டு. அத்தகைய நாட்களில் காலையிலேயே படகு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிப் படகு போய்விட்டால் பதற்றம் வேண்டாம். கரையோரமாக வடக்கே நடந்து, நிக்கல் எண்ட், போர்ட்டின்ஸ்கேல் வழியாக நகரை அடையலாம். டார்ச் எடுத்து வரச் சொன்னது இதற்காகவும்தான்.

உதவி தேவைப்பட்டால்

பிரிட்டனின் அவசர உதவி எண்ணான 999 ஐ அழைத்து முதலில் போலீஸையும், அவர்களிடம் மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். மீட்புக் குழுவினர் அனைவரும் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. இருக்குமிடத்தைக் கட்ட எண்ணால் சொல்லுங்கள். உச்சியின் எண் என்ஒய் 244 198. இதில் என்ஒய் என்பது வரைபடத்தின் பெருங்கட்டத்தைக் குறிக்கும் எழுத்துகள். 24 என்பது உச்சிக்கு மேற்கே உள்ள செங்குத்துக் கோட்டின் எண். அதிலிருந்து கிழக்கே பத்தில் நான்கு பங்கு. 19 என்பது தெற்கே உள்ள கிடைக்கோடு. அதிலிருந்து வடக்கே பத்தில் எட்டு பங்கு. கிழக்கு எண்ணே எப்போதும் முதலில் வரும். அலைவரிசை பலவீனமான இடங்களில் அழைப்பு கிடைக்காமல் குறுஞ்செய்தி மட்டும் போகக்கூடும். அதற்குப் புறப்படுமுன்பே 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் 999க்கு அனுப்பிக் கைபேசியைப் பதிவுசெய்ய வேண்டும். விசிலானால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் ஊதுங்கள்.

இந்த மலை பழகிய பின் அடுத்தது எது என்று கேட்போருக்கு, ஏரியின் கிழக்குப் பக்கத்தில் 379 மீட்டரில் உள்ள வாலா கிராக்கைச் சொல்வேன். கெஸிக்கிலிருந்து நடந்தே போய்வரலாம் என்பதால் படகு நேரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. உச்சிக்கருகே மேற்குப் பக்கம் செங்குத்துப் பாறையாக விழுவதால் விளிம்பில் மட்டும் கவனம் தேவை.