சிவப்புத் தபால்தலைமேல் முத்திரை படிக்க வரவில்லையா?

பழைய உறையில் சிவப்புத் தபால்தலைமேல் குத்திய கறுப்பு முத்திரை புரியவில்லை என்றால், 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) கலரில் ஸ்கேன் செய்து, இலவச மென்பொருளான ஜிம்ப்பில் ஆர்ஜிபி-யாக, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறச் சேனல்களாகப் பிரித்து, சிவப்பு சேனலை மட்டும் பாருங்கள். சிவப்பு மை சிவப்பு ஒளியைப் பெரிதும் திருப்பிவிடுவதால் தபால்தலைப் படம் தாளோடு தாளாக வெளுத்துவிடும். எல்லா ஒளியையும் விழுங்கும் கறுப்பு மை மட்டும் நிற்கும். ஏழாம் எட்வர்டின் 1 அணாத் தபால்தலையில் ராஜாவின் தாடி மங்கி, அதன்மேல் கிடந்த தேதி எழும்பி வருவதைப் பார்க்கலாம்.

முத்திரையே சிவப்பு என்றால் கணக்கு மாறும். வெள்ளைத் தாளில் பச்சை சேனல்தான் சரி. 1840-இல் வந்த உலகின் முதல் தபால்தலையான கறுப்புப் பென்னிமேல் (பென்னி பிளாக்) விழுந்த, மால்டா சிலுவை எனப்படும் சிலுவை வடிவச் சிவப்பு முத்திரைக்கு மட்டும் மறுபடி சிவப்பு சேனல்; அங்கே சிலுவை வெளிறித் தெரியும்.

தெளிந்த பிறகும் ஊர்ப் பெயர் இல்லாமல் ‘ஆர்.எம்.எஸ்.’, ‘செட்’, ‘அவுட்’ என்று இருந்தால் வரைபடத்தில் தேடி அலைய வேண்டாம், அது இந்திய ரயில் தபால் பிரிவின் முத்திரை.

கறுப்புத் தபால்தலைமேல் கறுப்பு முத்திரைக்கு இது உதவாது. வாட்ஸ்அப்பில் வந்த படமும் வேண்டாம். சுருக்கும்போது நிறத் தகவல்தான் முதலில் அடிபடும்.