ஃப்ரீசர்ல இருந்து நேரா குக்கருக்கா? டொரான்டோவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு

வந்து முதல் குளிர்காலம் தாண்டுறதுக்குள்ளயே உங்களுக்குத் தெரிஞ்சிரும், இங்க நிஜமா சமைக்கிறது ஞாயித்துக்கிழமை மட்டும்தான், மிச்ச ஆறு நாளும் ஃப்ரீசர்தான் சோறு போடுது. சாம்பார், சன்னா, கோழிக் குழம்பு எல்லாம் டப்பா டப்பாவா கல்லு மாதிரி உக்காந்திருக்கும். டிசம்பர்ல அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிரும், பஸ்ஸுக்கு நின்னு விறைச்சுப்போய் வீட்டுக்கு வந்தா அதை சூடு பண்ணக்கூட பொறுமை இருக்காது. அப்பதான் வீடு காலி பண்ணிட்டு போறவங்க யாராவது ஒரு ஸ்லோ குக்கரை, அதான் மணிக்கணக்கா மெதுவா வேக வைக்கிற கரண்ட் சட்டி, சும்மா தலையில கட்டிட்டுப் போவாங்க, "காலைல போட்டுட்டுப் போ, சாயங்காலம் ரெடியா இருக்கும்"னு சொல்லிட்டு.

நானும் அப்படித்தான் ஒரு நாள் கோழிக் குழம்பு கட்டியை அப்படியே உள்ள இறக்கி 'லோ'ல வெச்சிட்டு வேலைக்குப் போயிட்டேன். மதியானம் ரூம்மேட் போட்டோ அனுப்புறான், ஓரமெல்லாம் வெதுவெதுப்பா தண்ணி, நடுவுல இன்னும் ஐஸ். நாலு மணி நேரம் ஆகியிருந்துச்சு. மொத்தத்தையும் குப்பையில கொட்டினேன், ஒரு கிலோ சிக்கன்.

விஷயம் என்னன்னா ஸ்லோ குக்கர் மெதுவா சூடாகுறதுக்குன்னே செஞ்சது. 4 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவுலதான் பாக்டீரியா படு வேகமா பெருகும், ஐஸ்கட்டியா உறைஞ்ச சாப்பாட்டை உள்ள போட்டா அந்த இடைவெளியிலயே மணிக்கணக்கா கிடக்கும். அப்புறம் கொதிச்சா எல்லாம் செத்துரும்லனு கேப்பீங்க, கிருமி சாகும், ஆனா சில கிருமி விட்டுட்டுப் போற விஷம் கொதிச்சாலும் போகாது. அதனாலதான் அமெரிக்க விவசாயத் துறையும் கறியை முழுசா ஐஸ் விட்ட அப்புறம்தான் ஸ்லோ குக்கர்ல போடச் சொல்லுது. கடையில ஸ்லோ குக்கருக்குன்னே பாக்கெட் போட்டு விக்கிற ஃப்ரோசன் சாப்பாடு மட்டும் விதிவிலக்கு, அதுவும் பாக்கெட்ல போட்டிருக்கிற மாதிரியே செஞ்சா. இன்னொண்ணு, அந்த உள்பாத்திரம் பீங்கான், சூடா இருக்கும்போது ஐஸ்கட்டியை வெச்சா விரிசல் விடலாம்.

அப்ப ஸ்லோ குக்கர் வேஸ்ட்டானா இல்ல. முந்தின நாள் ராத்திரியே டப்பாவை ஃப்ரீசர்ல இருந்து ஃப்ரிட்ஜுக்கு மாத்திருங்க. மறந்துட்டீங்களா, கவரோட பச்சத் தண்ணில போட்டு அரை மணிக்கு ஒருக்கா தண்ணி மாத்துங்க. ஏற்கனவே வெந்த குழம்பா இருந்தா அடுப்புல ஒரு கொதி விட்டுட்டு அதுக்கப்புறம் ஸ்லோ குக்கர்ல ஊத்துங்க, அங்க அதோட வேலை சூடா வெச்சிருக்கிறது மட்டும்தான். ராஜ்மா போடுறவங்க இன்னும் ஜாக்கிரதை, ஊறவெச்ச பச்சை ராஜ்மாவை நேரா ஸ்லோ குக்கர்ல போட்டா அதுல இருக்கிற நச்சு போற அளவுக்கு சூடு வராது, வாந்தி பேதிதான். ஊறின தண்ணியைக் கொட்டிட்டு புதுத் தண்ணில அரை மணி நேரம் நல்லா கொதிக்கவிட்டு அப்புறம் போடுங்க.

ஐஸ்கட்டியை நேரா போடணும்னா அதுக்கு பிரஷர் குக்கர்தான். ஊர்ல இருந்து கொண்டுவந்த விசில் குக்கரே போதும், இண்டக்ஷன் அடுப்பா இருந்தா மட்டும் அடி அதுக்கேத்ததான்னு பாத்துக்கோங்க. ஆனா கரண்ட்ல ஓடுற குக்கரைத் தூக்கிட்டு வராதீங்க, இங்க 120 வோல்ட்தான், நம்மூர் கரண்டுக்கு செஞ்சது சரியா ஓடாது. இங்க நிறைய பேர் வீட்ல இருக்கிறது இன்ஸ்டன்ட் பாட்ங்கிற கரண்ட் பிரஷர் குக்கர், அதுவே நம்ம பக்கத்து ஒட்டாவாக்காரங்க 2010ல கொண்டுவந்ததுதான். அதுல விசில் வராது, அம்மா போன்ல "மூணு விசில் விடு"னு சொன்னா முழிக்காதீங்க, நிமிஷக் கணக்குதான். நம்மூர் குக்கர்ல பிரஷர் 15 பிஎஸ்ஐ, இதுல 10 முதல் 12க்குள்ளதான், அதனால கொஞ்சம் கூடவே நேரம் எடுக்கும். துவரம்பருப்புக்கு 10 நிமிஷம் வெச்சு ஆவி தானா அடங்கவிட்டா குழைஞ்சிரும்.

குழம்புக் கட்டியை நேரா அடியில போட்டா கெட்டியான மசாலா அடிபிடிச்சு, இன்ஸ்டன்ட் பாட் 'பர்ன்'னு காட்டி நின்னுரும். அதுக்கு நம்ம பாட்டி டெக்னிக்தான், அடியில ஒரு கப் தண்ணி, மேல ஸ்டாண்டு, அதுமேல எவர்சில்வர் கிண்ணத்துல கட்டி. ரெண்டு பேர் சாப்பிடுற அளவுக்கு 10 நிமிஷம் வெச்சு, ஆவி அடங்கினதும் கிளறி நடுவுல தொட்டுப் பாருங்க, சில்லுனு இருந்தா இன்னொரு 5 நிமிஷம். கறி இருந்தா 74 டிகிரி வரணும், தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க. ஐஸ்கட்டின்னா பிரஷர் ஏறவே கால் மணி, இருபது நிமிஷம் ஆகும், மெஷின் கெட்டுப்போச்சுன்னு பயந்து மூடியைத் திருகாதீங்க. கடை ஃப்ரோசன் மீல்ஸை பிளாஸ்டிக் தட்டோட குக்கருக்குள்ள வைக்கவே வைக்காதீங்க, அது மைக்ரோவேவுக்குன்னு வர்றது.

பாதி வேலை ஃப்ரீஸ் பண்ணும்போதே முடிஞ்சிரணும். ஜிப் கவர்ல ஊத்தி அடை மாதிரி தட்டையா படுக்கவெச்சு உறையவிடுங்க, சீக்கிரம் உருகும். குக்கர்ல நேரா வைக்கணும்னா அந்தக் கிண்ணத்து சைஸுக்கே வட்ட டப்பா. உருளைக்கிழங்கு போட்ட குழம்பு ஃப்ரீசருக்கு லாயக்கில்ல, கிழங்கு சொதசொதன்னு ஆயிரும். தேங்காய்ப்பால் சேக்கிறதை சூடு பண்ற அன்னிக்கு வெச்சுக்கோங்க, இல்லனா திரிஞ்ச மாதிரி நிக்கும்.

அப்புறம் இன்ஸ்டன்ட் பாட் மூடியில இருக்கிற சிலிகான் ரிங், ரெண்டா வாங்கிருங்க, குழம்புக்கு ஒண்ணு, இனிப்புக்கு ஒண்ணு. எங்க வீட்டுல ஒத்த ரிங்கோட பொங்கலுக்கு சக்கரைப் பொங்கல் வெச்சோம், வந்த ஃப்ரெண்டு ஒரு வாய் வெச்சுட்டு "மட்டன் குழம்பு எங்க"னு கேட்டான்.