அம்மிக்கல்லிலிருந்து தொடங்கலாம்: வீட்டையும் தெருவையும் கொண்டு கலப்பு ஊடக ஓவியம் செய்யும் முறை

என் பாட்டி தினசரி காலண்டரில் கிழித்த தாளை எறிய மாட்டார். அச்சில்லாத பின்பக்கத்தில் கணக்கு எழுதுவதற்காக, தாள்களை அடுக்கி ஒரு மூலையில் நூல் கோத்து, சமையலறை ஆணியில் மாட்டிவைப்பார். பால் கணக்கு, மளிகைச் சிட்டை, சலவைக்குப் போட்ட துணிகளின் எண்ணிக்கை எல்லாம் அதில்தான். அவர் இறந்து மூன்றாண்டு கழித்து, மதுரையில் அந்த வீட்டைக் காலி செய்தபோது அந்தக் கட்டு என் கைக்கு வந்தது. ஒரு தாளில் 'து.பருப்பு ½, பெருங்காயம், நீலம்' என்று எழுதி, நீலத்தை மட்டும் அடித்திருந்தார். ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தேன். மெல்லிய தாள் என்பதால் மறுபக்கத்துச் சிவப்புத் தேதியும் ராகு காலமும் எமகண்டமும் அவருடைய கையெழுத்தின் ஊடே தெரிந்தன.

அதற்கு முன் எட்டு மாதங்களாக நான் ஒன்றுமே செய்யவில்லை. விலை கூடிய தாள், 24 நிற அக்ரிலிக் வண்ணப் பெட்டி எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். தினமும் கைபேசியில் மற்றவர்களின் படங்களைப் பார்ப்பேன். பார்த்ததைப் போலவே ஒன்று செய்ய ஆசை வரும். தாளை எடுத்ததும் அது போய்விடும். அன்று ஜன்னலோரம்தான் எனக்குப் பிடி கிடைத்தது. புழங்கிய பொருளில் பாதி ஓவியம் ஏற்கெனவே இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் நாம் செய்ய வேண்டும். புழங்கிய பொருள்களை ஒட்டி, தேய்த்தெடுத்த பதிவையும் நிறத்தையும் அதில் சேர்த்துச் செய்வதைத்தான் கலப்பு ஊடக ஓவியம் என்கிறேன். அதன் பிறகு நான் முடித்த ஐந்து ஓவியங்களும் இந்த வழியில் வந்தவை. தூரிகை பிடிக்கவும் கத்தரிக்கவும் தெரியும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: எல்லையைச் சுருக்குங்கள்

'சுற்றுப்புறத்தைப் பாருங்கள்' என்று சொன்னால் யாருக்கும் எதுவும் கண்ணில் படாது. வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை, அல்லது ஒரே ஓர் அலமாரி, அல்லது சமையலறை மட்டும் என்று ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏழு நாட்கள். அந்த எல்லைக்கு வெளியே எவ்வளவு அழகான பொருள் கிடைத்தாலும் எடுக்க வேண்டாம்.

எடுக்கும்போது ஒரே கேள்வி: இது யார் கையிலாவது புழங்கியிருக்கிறதா? தையல் கடை வாசலில் கிடக்கும் சுங்குடி வெட்டுத்துணியில் முடிச்சுப் போட்ட புள்ளிகள் இருக்கும். பூக்காரம்மா அறுத்துப் போட்ட வாழைநாரில் முடிச்சின் வளைவு அப்படியே நிற்கும். உரசித் தேய்ந்த தீப்பெட்டி, டீ டம்ளர் வட்டம் விழுந்த நாளிதழ், எண்ணெய் இறங்கிய பஜ்ஜித் தாள் எல்லாம் எடுக்கலாம். எண்ணெய்த் தாளை மட்டும் ஒட்ட முடியாது, பசை பிடிக்காது. அதைப் பார்த்து வரைந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு பொருளையும் ஓர் உறையில் போட்டு, கிடைத்த இடத்தையும் தேதியையும் பென்சிலால் எழுதுங்கள். இது வேண்டாத வேலை என்று தோன்றும். ஒரு மாதம் கழித்து உறையைத் திறக்கும்போது அந்த ஒரு வரிதான் உங்களை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியைக் கிழிக்காதீர்கள். கீழே விழுந்ததை எடுங்கள். மருந்துச் சீட்டு, அடகுக் கடை ரசீது போன்றவற்றில் பிறருடைய பெயரோ எண்ணோ இருந்தால், அந்தப் பகுதியை வெட்டி எறிந்த பிறகே பயன்படுத்துங்கள்.

குப்பையை ஒட்டுவது ஓவியமா என்று உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். பிக்காசோ 1912-இல், பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியை (எண்ணெய் பூசிப் பதப்படுத்திய விரிப்புத் துணி) தன் ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைச் சுற்றினார். ஜெர்மனியின் ஹனோவர் நகரில் வாழ்ந்த கர்ட் ஷ்விட்டர்ஸ், முதல் உலகப் போருக்குப் பிறகு டிக்கெட்டுகளையும் உறைகளையும் மரத்துண்டுகளையும் சேர்த்துப் படங்கள் செய்தார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'மெர்ஸ்'. அதுவும் ஒரு வங்கி விளம்பரத்தில் இருந்த 'கொம்மெர்ஸ்' (வணிகம்) என்ற சொல்லை வெட்டியதில் மிஞ்சிய துண்டுதான். நம் ஊரில், 1966-இல் சென்னைக்கு அருகே சோழமண்டல் ஓவியர் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1963-இல் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்துகளும் ஜாதகக் கட்டங்களும் எண்களும் நிறைந்திருக்கும். ஒரு மாணவரின் கணக்கு நோட்டில் பார்த்த பக்கமே அதற்குத் தொடக்கம் என்று அவரே சொல்லியிருக்கிறார். கணக்கு நோட்டு எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

படி 2: எடுக்க முடியாததைத் தேய்த்து எடுங்கள்

தரை, கதவு, கல் போன்றவற்றை வெட்டி எடுக்க முடியாது. மேலே தாள் வைத்துத் தேய்த்துப் பதிவெடுக்கலாம். ஜெர்மனியில் பிறந்த ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-இல் மரத்தரையின் ரேகைகளை இப்படித்தான் எடுத்தார். நம் வீடுகளில் இதற்கு அம்மிக்கல்லைவிடச் சிறந்த பொருள் இல்லை என்பது என் கருத்து. 'அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ' என்று தெருவில் கூவி வந்தவர்கள் உளியால் இட்ட குழிகள் சாய்ந்த வரிசைகளாக அதில் இருக்கும். அரைத்து அரைத்து நடுப்பகுதியில் குழிகள் மழுங்கி, ஓரங்களில் ஆழமாகவே நிற்கும். எங்கே கை அதிகம் போனது என்பதை அந்தக் கல்லே காட்டிவிடும்.

கல்லைக் கழுவி ஒரு நாள் காயவையுங்கள். மெல்லிய தாளை மேலே விரித்து, நான்கு ஓரமும் நகராமல் டேப் ஒட்டுங்கள். வெள்ளை மெழுகுக் கிரேயானின் உறையைக் கிழித்துவிட்டு, அதைப் படுக்கவைத்து ஒரே திசையில் தேயுங்கள். இப்போது தாளில் ஒன்றும் தெரியாது. அதன் மேல் கெட்டியான காப்பி டிகாக்ஷனை அகலத் தூரிகையால் ஒரே இழுப்பில் பூசுங்கள். மெழுகு பட்ட இடம் நிறத்தை வாங்காது. குழிகள் இருந்த இடத்தில் மட்டும் டிகாக்ஷன் இறங்கும். பழுப்புப் புள்ளிகள் வரிசை வரிசையாகத் தாளில் எழுந்து வருவதை முதல்முறை பார்த்தபோது, கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் அப்படியே நின்றேன்.

இன்னொன்று, சீர்வரிசைப் பாத்திரம். எவர்சில்வர் சொம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் இருக்கும் அல்லவா? மெல்லிய தாளை அதன் மேல் இறுக்கமாகச் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு, 6பி பென்சிலால் (மென்மையான, கரிய பென்சில்) லேசாகத் தேய்த்தால், கரிய பரப்பில் வெள்ளை எழுத்தாகப் பெயர் வரும். அழுத்தினால் குழியும் நிரம்பிவிடும். அதற்கு மெழுகுக் கிரேயானும் வேண்டாம், அதன் முனை மிகத் தடிமன்.

படி 3: பரப்பி வையுங்கள்

ஏழாம் நாள் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். ஒன்று பெரியது, ஒன்று நடுத்தரம், ஒன்று சிறியது என மூன்று பொருள் போதும். மீதியை உறைக்கே திருப்பி அனுப்புங்கள். ஒட்டுவதற்கு முன் இடத்தை மாற்றி மாற்றி வைத்துக் கைபேசியில் படமெடுத்துப் பாருங்கள்.

படி 4: ஒட்டுதல். இங்கே நிதானம் வேண்டும்

என் முதல் பெரிய ஓவியத்தைச் சார்ட் அட்டையில் நான்கு மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து ஒட்டினேன். காலையில் பார்த்தால் தாள்கள் எல்லாம் அப்பளமாகப் பொரிந்து, அட்டை படகு போல வளைந்து கிடந்தது. பாட்டியின் மூன்று தாள்கள் அதில் போயின. இன்றும் எனக்கு அந்த வருத்தம் உண்டு. அதனால்தான் இந்தப் படியை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் நோட்டு பைண்டிங் செய்யும் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "தாளுக்கும் ஓட்டம் உண்டம்மா. அதைப் பார்க்காமல் ஒட்டினால் இழுக்கத்தான் செய்யும்" என்றார். தாள் செய்யும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுக்கின்றன. அதுதான் ஓட்டம். ஈரம் பட்டால் தாள் அந்தத் திசையில் அவ்வளவாக நீளாது, அதற்குக் குறுக்கே விரியும். காயும்போது மறுபடி சுருங்கும். விரிந்து முடிப்பதற்குள் ஒட்டினால் சுருக்கம் விழும்; காயும்போது சுருங்கி அட்டையை இழுத்தால் அட்டை வளையும். இரண்டும் வேறு வேறு கோளாறுகள், மருந்தும் வேறு வேறு.

ஓட்டத்தைக் கண்டுபிடிக்கத் தாளைக் கிழித்துப் பாருங்கள். ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராக வரும், மறுபக்கமாகக் கிழித்தால் கோணலாகப் போகும். நேராக வரும் திசைதான் ஓட்டம். நாளிதழை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பார்த்தால் உடனே புரியும்.

சுருக்கத்துக்கு மருந்து பொறுமை. ஃபெவிகாலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து, தாளின் முதுகில் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பூசுங்கள். பூசியதும் ஒட்டாதீர்கள். தாள் முதலில் சுருண்டு, பிறகு தளர்ந்து படுக்கும். காலண்டர் தாளுக்கு அரை நிமிடம், தடித்த தாளுக்கு இரண்டு நிமிடம் ஆகலாம். தளர்ந்த பிறகு எடுத்து, நடுவை முதலில் பதித்து, மேலே ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள். விரலால் நேரடியாகத் தேய்த்தால் ஈரத் தாள் கிழியும்.

வளைவுக்கு மருந்து பின்பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கம் ஒட்டியதும், அட்டையைத் திருப்பி, ஏறத்தாழ அதே கனமுள்ள ஒரு தாளை, ஓட்டம் அதே திசையில் இருக்குமாறு பின்புறமும் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இழுப்பதால் அட்டை நேராக நிற்கும். பிறகு இருபுறமும் பிளாஸ்டிக் தாள், மேலே பலகை, அதன் மேல் அதே அம்மிக்கல். ஓர் இரவு முழுவதும் அப்படியே இருக்கட்டும். மறுநாள் காலை பலகையை எடுத்துவிட்டுக் காற்றாட வையுங்கள்.

அட்டை விஷயத்தில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. சார்ட் அட்டை வேண்டவே வேண்டாம். பைண்டிங் கடையில் கிடைக்கும் சாம்பல் நிறத் தடித்த அட்டையை வாங்குங்கள். பசைக்கு ஃபெவிகால் போதும். மைதாப் பசை மணமும் பதமும் எனக்குப் பிடிக்கும், ஆனால் பூச்சி வரும். பைண்டிங் செய்பவர்கள் அதைத் தடுக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த யோசனையே வேண்டாம்.

படி 5: நிறம்

முழுக்கக் காய்ந்த பிறகுதான் நிறம். சமையலறையிலிருந்தே தொடங்கலாம். மஞ்சள் கரைத்த நீரைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்த நீரைத் தூரிகையால் தொட்டால், தொட்ட இடம் ஆரத்தி நீர் போலச் சிவக்கும். காய்ந்ததும் செங்கல் நிறத்துக்கு இறங்கும். கடுக்காய் ஊறிய நீர் பூசிய தாளில், துருப்பிடித்த ஆணிகள் ஊறிய வினிகரைத் தொட்டால் கறுப்பு வரும். கலம்காரித் துணியின் கறுப்புக் கோடும் இரும்பும் கடுக்காயும் சேர்ந்து வருவதுதான். மஞ்சள் மட்டும் வெயிலில் நிற்காது, வெளுத்துவிடும். அது நிலைக்க வேண்டிய இடத்தில் நான் அக்ரிலிக்கையே எடுக்கிறேன்.

பாட்டியின் தாள்களை வைத்து நான் செய்ததைச் சொல்கிறேன். கணக்கு எழுதிய பக்கம் மேலே தெரியும்படி ஒன்பது தாள்களை ஒட்டினேன். அம்மியின் பதிவை வலது கீழ் மூலையில் வைத்தேன். சுங்குடித் துண்டு விரலகலம்தான், இடது ஓரத்தில். பிறகு அம்மியின் குழிகளையும் சுங்குடியின் புள்ளிகளையும் இணைத்து, வெள்ளை அக்ரிலிக்கில் கோலப் புள்ளிகள் வைத்தேன். 'நீலம்' என்று அவர் அடித்த சொல்லின் மேல் மட்டும் மெல்லிய நீலத்தைப் பூசினேன். படம் முழுவதிலும் வேறெங்கும் நீலம் இல்லை.

பிற்சேர்க்கை 1

பஸ் டிக்கெட் ஒட்டியதும் எழுத்தே மறைந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். இப்போது மெஷினில் வரும் டிக்கெட்டும் பல கடை ரசீதுகளும் வெப்பத்தால் அச்சாகும் தாள். பசை பட்டால் அதன் எழுத்து போய்விடலாம். நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அந்த வகைதான். அதை இஸ்திரிப் பெட்டி அருகே கொண்டுபோனால் முழுவதும் கறுக்கும். வெளிச்சத்தில் வைத்தால் எழுத்து நாளடைவில் மங்கும். ஜெராக்ஸ் எடுத்து அந்த நகலை ஒட்டுங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தால் பசை ஈரத்தில் மை பரவக்கூடும், அதனால் கடையில் எடுப்பதே நல்லது.

பிற்சேர்க்கை 2

காலண்டர் அட்டையையே அடித்தளமாக வைக்கலாமா, அதில் சாமி படம் இருக்கிறதே என்று இருவர் கேட்டிருந்தார்கள். எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. படத்தின் மேல் பசை பூச எனக்கு மனம் வராது. தனி அட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 3

கோலமாவையே ஃபெவிகாலில் குழைத்துப் புள்ளி வைக்கலாமா என்ற கேள்விக்கு: கல்மாவு என்றால் தாராளமாக வைக்கலாம், மேடு அழகாக நிற்கும். அரிசிமாவு வேண்டாம், பூச்சிக்கு அது விருந்து. சட்டம் போடும்போது கண்ணாடி ஓவியத்தைத் தொடாமல் இருக்க, உள்ளே நான்கு ஓரமும் ஒரு தடித்த அட்டைப் பட்டை வைக்கச் சொல்லுங்கள். வெயில் விழாத சுவரில், மழைக்காலத்தில் ஈரம் ஊறாத பக்கமாகப் பார்த்து மாட்டுங்கள்.